மரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

நல்ல மனிதர் ஒருவர் இந்த மண்ணைவிட்டுப் போகும்போது மனிதர்கள் மட்டும் அழுவதில்லை. மரமும் அழும், இலை இலையாகக் கண்ணீர் உதிர்க்கும். மேய்ச்சல் நில மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவர் சாவு வீட்டு வாசலில் நின்று, நெஞ்சில் கையை வைத்து, தொண்டை கரகரக்க இதைச் சொன்னபோது மரம் மெய்யாகவே அழுதுகொண்டுதான் இருந்தது. சங்கத்தின் செயலாளர் அந்தக் கண்ணீரைத் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.

விடிந்ததிலிருந்து கூட்டுகிறார். ஒரு பக்கம் கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபக்கம் விழுந்து கிடந்தது. நாலு பேர் வந்து உட்காருகிற இடம், குப்பையாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று அத்தையிடம் சொல்லியிருந்தார். அத்தை நெகிழ்ந்துபோனார். பெற்ற அப்பன் உள்ளே கிடக்க, இப்படி இடுப்பொடியக் கூட்டுகிற பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறான்?

குப்பை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த இலைகளை யாரும் கையில் எடுத்துப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு இலையும் ஓரம் தீய்ந்து, நடுவில் மஞ்சள் பூத்து, நரம்பையொட்டி மட்டும் மெல்லிய பச்சைக் கோடு மிச்சமாகக் கிடந்தது. வெயிலில் வாடி உதிர்கிற இலை அப்படி இருக்காது. அந்த மாதிரி இலையின் படத்தை அவரே சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டி, குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கிப் பல ஊர்களில் கைதட்டு வாங்கியிருக்கிறார். "வேர் வழியா களைக்கொல்லி ஏறுன மரத்தோட இலை எப்படி இருக்கும்? இதோ, இப்படி இருக்கும்." இன்று வரப்போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்துக்குக் கைதட்டியவர்கள்.

"நேத்து சாயங்காலம் அண்ணன் மூச்சு நின்னுச்சு தலைவரே," என்றார் அத்தை. "அதுலேர்ந்து கொட்டுது பாருங்க, நிக்கவே மாட்டேங்குது. வாயில்லா ஜீவன்னு நாமதான் சொல்றோம். அதுக்கு எல்லாம் தெரியுது."

"தெரியாம இருக்குமாம்மா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மரம் இரண்டு வாரமாகவே கொட்டிக்கொண்டிருந்தது. அத்தை நேற்று கடைசி வண்டியில்தான் வந்து இறங்கினார். அவருக்கு எப்படித் தெரியும்?

தலைவர் வந்து செயலாளரின் தோளில் கையைப் போட்டார். "விடுங்க செயலாளரே. அது மரம் செலுத்துற மரியாதை. கிடக்கட்டும்."

செயலாளர் சாக்கின் வாயை முறுக்கிக் கட்டினார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே, முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த பெரியவருக்கு ஊருக்குள் பால்காரர் என்று பெயர். வாழ்நாள் முழுக்க மாடு வைத்துப் பால் கறந்தவர். மாட்டைப் பற்றியும் பேசுவார், மகனைப் பற்றியும் பேசுவார். மாட்டைப் பற்றிப் பேசும்போது முகம் மலரும். மகன் சங்கத்தில் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். 'டா' போடுவதையும் விட்டுவிட்டார். "செயலாளர் ஐயா சாப்பிட வரலாம்," என்பார். "செயலாளர் ஐயா குளிச்சாச்சுங்களா?" என்பார். அது கேலியா மரியாதையா என்று செயலாளருக்கு இன்றுவரை விளங்கவில்லை. சபையில் மரியாதை என்றும், தனியாக இருக்கும்போது கேலி என்றும் எடுத்துக்கொள்வார்.

வீட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் பெரிய மரம் என்றால் அது ஒன்றுதான். மாடுகள் மத்தியானம் அதன் நிழலில்தான் நிற்கும். காலையும் மாலையும் பால் கறந்ததும் அங்கேதான். படுக்கையில் விழுந்த அன்று பால்காரர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னை அந்த மரத்தடியில போட்டுருங்க. எங்கயாவது வெயில்ல கொண்டுபோய்ப் போட்டுறாதீங்க. எனக்கு வெயில் ஆகாது."

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா?" என்று செயலாளர் அதட்டினார்.

"சங்கத்துல தீர்மானம் போடணும்னா இப்பவே போட்டுருங்க, அதுக்குத்தான்," என்றார் பெரியவர்.

அந்த மாதம்தான் சங்கத்தின் செயல்விளக்கக் கூட்டம் செயலாளரின் நிலத்திலேயே நடந்தது. மேய்ச்சல் நிலத்துக்கு எமன் முள்மரம். மாடு அதன் காயைத் தின்று, போகிற இடமெல்லாம் சாணியோடு விதையைப் போட்டு, தானே தன் புல்லுக்குக் குழி பறிக்கும். விட்டால் நாலைந்து வருடத்தில் நிலம் முழுக்க முள். மாடு நுழைய முடியாது, மனிதனும் நுழைய முடியாது. வெட்டினாலும் சாகாது. அடியிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளம்பும். அதனால் வெட்டிய கையோடு, கட்டையில் ஈரம் காய்வதற்குள், பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் களைக்கொல்லியைத் தடவ வேண்டும். இதைத்தான் செயலாளர் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தார். நல்ல முறைதான். ஆனால் பார்க்கச் சுவாரசியம் இல்லை. ஒருவன் குனிந்து வெட்டுவதையும் இன்னொருவன் குனிந்து தடவுவதையும் எவ்வளவு நேரம் பார்ப்பது? கூட்டம் கொட்டாவி விடும்.

இந்த முறை தலைவர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளை வெள்ளையாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள். குருணை என்றார்கள். வெட்ட வேண்டாம், தடவ வேண்டாம். முள்ளுக்கு அடியில் தூவிவிட்டால் போதும். மழை பெய்தால் கரைந்து மண்ணில் இறங்கும், வேர் குடிக்கும், மரம் நின்ற இடத்திலேயே காயும். ஒரே ஒரு எச்சரிக்கை: வேண்டிய மரம் பக்கத்தில் இருந்தால் அதன் கிளை விரிந்த தூரத்துக்கு இரண்டு பங்கு தள்ளித்தான் தூவ வேண்டும். அந்த எச்சரிக்கையை எளிய நடையில், பெரிய எழுத்தில், சிவப்பு மையில் பலகையாக எழுதி வாசலில் நிறுத்தியவரே செயலாளர்தான். எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கூட்டத்தன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, வேலியோரமாக இருந்த முள்காட்டுக்கு அடியில் தூவிக் காட்டினார். கைதட்டு வந்தது; பலமாக வரவில்லை. அப்போது 'சந்தேகம்' எழுந்தார். ஆடு வளர்க்கிறவர். எந்தக் கூட்டத்திலும் 'எனக்கொரு சந்தேகம்' என்று எழுந்து, டீ எப்போது வரும் என்பது வரைக்கும் கேட்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"செயலாளரே, எனக்கொரு சந்தேகம். உங்க மரத்தடியிலயே முழங்கால் உசரத்துக்கு முள்ளு முளைச்சிருக்கே? உங்க வீட்டு வாசல்லயே இப்படின்னா, நாங்க எங்க போய் முட்டிக்கிறது?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். செயலாளருக்குக் காது சிவந்தது. டப்பாவுக்குள் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளி, விதை விதைக்கிறவனைப் போல் மரத்தைச் சுற்றி வீசினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இந்த முறை கைதட்டு பலமாக வந்தது.

"மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்றார் சந்தேகம்.

"அளவு தெரிஞ்ச கைய்யா இது," என்றார் செயலாளர். மறுபடியும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்து, பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்க்கும்போதுதான் தான் எழுதியதைத் தானே படித்தார். மரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. மழை இல்லை. தண்ணீர் படாதவரை குருணை வெறும் கல். மேல்மண்ணைச் சுரண்டிச் சாக்கில் அள்ளிவிட்டால் தீர்ந்தது. ஒரு காலை நேரத்து வேலை.

மறுநாள் மண்வாரியோடு மரத்தடிக்குப் போனார்.

"என்ன தேடுறீங்க செயலாளரே?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. மரத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்று சொல்லி, அன்றுதான் பெரியவர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா. சாவி விழுந்துருச்சு."

"மண்வாரி போட்டுத் தேடுற அளவுக்கு எந்தப் பொட்டிச் சாவி?"

அன்றிலிருந்து பெரியவருக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ஊசி போட வந்த நர்ஸ் அம்மாவிடம்கூட, போகும்போது மரத்தடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அந்த அம்மாவும் பாவம், பையை வைத்துவிட்டுக் குனிந்து தேடினார். பெரியவர் பகலிலும் தூங்கவில்லை, ராத்திரியும் தூங்கவில்லை. கண் முழுக்க மரத்தடியில்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவசரத்துல வீசிட்டேன்ப்பா, அள்ளணும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் காலம் வேறு என்று இருபது வருடமாக அதே முன்னறையில் உட்கார்ந்து அவரிடமே சொல்லியாகிவிட்டது. அந்த வாயால் இந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டார். மறுநாளும் அதையேதான் நினைத்தார்.

வெயில் ஏறியது. மரத்தின் இலை கொஞ்சம் துவண்டது. வெறும் தாகம்தான், ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் துவளும்.

"செயலாளரே, மரம் வாடுது. தண்ணி ஊத்துங்க."

"மழை வரும்ப்பா."

"எப்ப வரும்னு தீர்மானம் போட்டிருக்கீங்க?"

"அவ்வளவு பெரிய மரத்துக்கு நாம ஊத்தி என்னப்பா ஆகப்போகுது?"

"நான் படுக்கப் போற இடம். என்னால எந்திரிக்க முடிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்கப்போறேன்?"

செயலாளர் வாளியை எடுத்தார். முதல் வாளி விழுந்ததும், தரையில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த உருண்டைகள் சர்க்கரைபோல் இளகி மண்ணுக்குள் இறங்கின. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "அந்தப் பக்கமும் ஊத்துங்க, வேர் அங்கயும் ஓடும்," என்றது ஜன்னல். வேர் அங்கேயும் ஓடும் என்று அவருக்குத் தெரியும். படத்தோடு விளக்கியிருக்கிறார். அந்தப் பக்கமும் ஊற்றினார்.

பிறகு தினமும் ஊற்றினார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். இலையின் ஓரம் மஞ்சளானபோது, "தண்ணி பத்தல," என்றார் பெரியவர். இன்னும் ஊற்றினார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற அப்பாவின் ஆசைக்காக வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிற செயலாளர் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பியது. பால் வாங்க வந்த பெண்கள் தங்கள் மகன்களிடம் அவரை உதாரணம் காட்டினார்கள்.

நேற்றுக் காலை வாளியோடு ஜன்னலைத் தாண்டும்போது பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். மரம் பாதி மொட்டையாக நின்றது. அதைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"போதும்டா," என்றார்.

'செயலாளர்' இல்லை, 'ஐயா' இல்லை. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. சாயங்காலம் முடிந்துபோயிற்று.

இப்போது செயலாளர் சாக்கை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அங்கே ஏற்கெனவே அப்படிப் பல சாக்குகள் சுவரோரம் நின்றன. அவற்றுக்கு நடுவே அக்கா நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி வாரம் முழுக்க லீவு போட்டுவிட்டு அப்பா பக்கத்திலேயே இருந்தவள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வாய் எப்போதும்போலத்தான் இருந்தது.

"எதுக்குடா இலையை மூட்டை கட்டி வைக்கிற? கண்காட்சிக்கா?"

அவர் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சாக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, குருணையில் ஆரம்பித்து வாளியில் முடித்தார்.

அக்கா ஒரு சாக்கின் வாயைப் பிரித்து உள்ளே பார்த்தாள்.

"கரையும்னு தெரிஞ்சேதான் ஊத்துனியா?"

"அப்பா பார்த்துக்கிட்டே இருந்தாருக்கா."

"ஜன்னலைச் சாத்தியிருக்கலாமேடா."

அவருக்கு அது தோன்றவே இல்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியல. போதும்டான்னார்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "மரம் பிழைக்குமா?"

"இப்ப உதிரும். மறுபடி துளிர்க்கும். மறுபடி உதிரும். ரெண்டு மூணு தடவை அப்படி ஆகும். ஒவ்வொரு தடவையும் வேர்ல இருக்கிற சேமிப்பு குறைஞ்சு..."

"பாடம் எடுக்காத."

அவர் நிறுத்தினார்.

"அப்ப அப்பா வெயில்லதான் கிடக்கப்போறார்." ஜன்னலைச் சாத்தியிருக்கலாம் என்றதைப் போலவே சாதாரணமாகத்தான் சொன்னாள். "குழியை வேற எங்கயாவது வெட்டச் சொல்லு. ஓடைக்கரையில ரெண்டு மரம் இருக்குல்ல?"

"ஏன்னு கேப்பாங்க."

"சொல்லு."

"தலைவர் இருக்காருக்கா. சங்கத்துக்காரங்க எல்லாரும் இருக்காங்க."

"நான் அப்பாவைப் பத்திப் பேசுறேன். நீ தலைவரைப் பத்திப் பேசுற." அக்கா நகர்ந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "குழியை மூடுறதுக்குள்ள சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன். உன் வாயால வரணும்."

அவர் திரும்பி வந்தபோது குழி இடுப்பளவு ஆகியிருந்தது. வெட்டுகிறவர் மேலே வந்து, கையைத் தட்டிவிட்டு, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்குங்க. இந்த வெயில் காய்ச்சல்ல மண்வெட்டி இறங்காதுன்னு பயந்துகிட்டே வந்தேன். யாரோ நல்லா தண்ணி விட்டிருக்காங்க."

"யாரோ இல்ல, இவன்தான்!" அத்தை செயலாளரின் கன்னத்தைத் தடவினார். "அப்பனுக்குக் குழி வெட்டக்கூடக் கஷ்டமில்லாம பண்ணி வச்சிருக்கான் பாருங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சொல்லிவிட வாயைத் திறந்தார்.

"செயலாளரே, எனக்கொரு சந்தேகம்," என்றது ஒரு குரல். ஆட்டுக்காரர். கையில் ஒரு இலை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா," என்றார் தலைவர், "சாவு வீட்டுலயுமா? இன்னிக்கு ஒருநாள் சந்தேகத்தை வீட்டுல கட்டிப்போட்டுட்டு வரக் கூடாதா?"

"இல்லீங்க தலைவரே, இந்த இலை..."

"டீ வருதுய்யா, வருது. உக்காருங்க."

சிரிக்கக் கூடாத இடம் என்பதால் எல்லோரும் மூக்கால் சிரித்தார்கள். ஆட்டுக்காரர் இலையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து செயலாளரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். வகுப்பில் பதில் தெரியாத வாத்தியாரைப் பையன் பார்ப்பதுபோல, கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். செயலாளர் பார்வையைத் திருப்பினார். திருப்பிய பக்கம் ஜன்னல் இருந்தது.

சவப்பெட்டி வந்தது. குழியோரம் இறக்கி வைத்தார்கள். தலைவர் பேச எழுந்தார். பால்காரர் இந்த மண்ணின் மகன் என்றார். அவர் கறந்தது பாலல்ல, பண்பு என்றார். அவரிடம் பால் வாங்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரத்தைக் காட்டி, தன் தோழனை வழியனுப்ப ஆடை களைந்து நிற்கிறது என்றார். அத்தை விம்மினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, தந்தை கேட்டார் என்பதற்காக மரத்துக்குத் தண்ணீர் சுமந்த மகனைப் பற்றிச் சொன்னார்.

"அந்தக் கடமை ஒரு மகனோட கடமை மட்டும் இல்ல. நாம எல்லாரும் ஆளுக்கு ஒரு குவளை இந்த மரத்துக்கு ஊத்துவோம். வருஷா வருஷம் இந்த நாள்ல சங்கம் வந்து ஊத்தும். இந்த மரம் இருக்கிறவரைக்கும் ஊத்தும்."

யாரோ ஓடிப்போய் வாளியையும் குவளையையும் கொண்டுவந்தார்கள். அது அதே வாளிதான். வீட்டில் வேறு வாளி இல்லை.

"முதல்ல செயலாளர் ரெண்டு வார்த்தை பேசிட்டு ஆரம்பிச்சு வைப்பார்," என்றார் தலைவர்.

அவர் எழுந்தார். அக்கா பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவரையே பார்த்தாள். குழியின் பக்கச் சுவரில் அறுபட்ட வேர்முனைகள் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம். சொன்னால் குழியை மாற்றுவார்கள், சிரிப்பார்கள், பெயர் போகும். போனால் போகட்டும். அப்பா நிழலில் கிடப்பார். மனதுக்குள் வாக்கியம் தயாராகவே இருந்தது. மூச்சை இழுத்தார்.

"அனைவருக்கும் வணக்கம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தை வந்ததும் மற்றவை தாமாகப் பின்னால் வரிசை கட்டின. எத்தனை மேடை பார்த்த நாக்கு! பல வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைவருக்கு நன்றி சொன்னது. தொலைவிலிருந்து வந்த அத்தைக்கு நன்றி சொன்னது. நாற்காலிகள் கொடுத்து உதவியவருக்கும், குறித்த நேரத்தில் குழி வெட்டித் தந்தவருக்கும், திரளாக வந்து சிறப்பித்தவர்களுக்கும் சொன்னது. பெட்டியில் கிடந்தவர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார். "நன்றி, வணக்கம்," என்று முடித்தபோது பழக்கதோஷத்தில் பின்வரிசையில் யாரோ கைதட்டப்போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் குவளையை முக்கி, மரத்தின் தூரில் ஊற்றினார். பின்னால் வரிசை நின்றது. தலைவர் ஊற்றினார். அத்தை இரண்டு குவளை ஊற்றினார். குழி வெட்டியவரும் கையைக் கழுவிவிட்டு வந்து ஊற்றினார். ஆட்டுக்காரர் குவளையை வாங்கி, கொஞ்சம் யோசித்து, குடித்துவிட்டார். தாகம் என்றார். அக்கா வரிசையில் நிற்கவில்லை.

குழியை மூடினார்கள். செயலாளர்தான் முதல் மண் போட்டார்.

எல்லாம் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தடுக்க இலை இல்லாததால் கிளைகளுக்கு நடுவே நேராக இறங்கியது. புது மண்மேடு அதில் ஈரம் காய்ந்து, வெளுக்க ஆரம்பித்தது. டீயும் ரொட்டியும் வந்தன. நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டார்கள். சிலர் நாற்காலியைச் சுற்றிப்போட்டுப் பார்த்தார்கள்; எந்தப் பக்கம் போட்டாலும் வெயில்தான். போகவும் முடியவில்லை, மண் போட்ட கையோடு கிளம்பினால் நன்றாக இருக்காது.

முதலில் எழுந்தவர் ஆட்டுக்காரர். ஒரு கையில் டீயும் ஒரு கையில் நாற்காலியுமாக நிலத்தைக் கடந்து, வேலியோரம் போனார். அங்கே முள்காடு அடர்த்தியாக, பச்சைப் பசேலென்று நின்றது. அதன் அடியில் தூவிய குருணைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அப்படியே கல்லாகக் கிடந்தது. முள் இல்லாத பக்கமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டார்.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் போனார்கள். அப்புறம் ஐந்தாறு பேர். அத்தையை யாரோ கைத்தாங்கலாக அழைத்துப்போனார்கள். தலைவர் கொஞ்ச நேரம் மரத்தடியிலேயே தனியாக உட்கார்ந்திருந்தார். மேய்ச்சல் நிலத்தின் எமன் என்று அந்த முள்ளைப் பற்றி அவர் முன்னுரை எழுதிய புத்தகம் மூன்று பதிப்பு கண்டிருக்கிறது. வியர்வை கண்ணாடிக்குள் இறங்கியது. "காத்து அந்தப் பக்கம்தான் வருது போல," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் நாற்காலியை வேறொருவர் தூக்கிக்கொண்டார்.

அக்கா மட்டும் மண்மேட்டின் பக்கத்தில் குடையை விரித்து நின்றாள். குடையை மேட்டுக்குத்தான் பிடித்திருந்தாள், தனக்கு இல்லை. செயலாளர் அவளிடம் போனார். பக்கத்தில் நின்றார். குடையைத் தான் பிடித்துக்கொள்வதாகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"செயலாளரே, அங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க?" முள்காட்டிலிருந்து தலைவர் கூப்பிட்டார். "வாங்க, இங்க இடம் இருக்கு."

அவர் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். தலைவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். நிழல் நன்றாகவே இருந்தது. நாலைந்து நாளாகக் கண்ணை மூடாதவர், தலைவர் அடுத்த மாதக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. குறட்டை மரத்தடிவரை கேட்டது.